தக்காளிக்குக் கட்டிய கிடங்கு

முதல் நாள்: தஞ்சாவூர்

உழவன் எக்ஸ்பிரஸில் உழவர் யாரும் ஏறி நான் பார்த்ததில்லை. என் எதிர்ப் படுக்கையில் ஒரு கணினிக்காரத் தம்பி. தீபாவளிக்கு லீவு கிடைக்காமல் ஒரு வாரம் பிந்தி ஊருக்குப் போகிறான். விழுப்புரம் தாண்டியதும், தின்று முடிக்காத பிரியாணிப் பொட்டலத்தை மடித்து ஜன்னல் வழியே எறிந்தான். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இந்தப் பயணம் எதற்கு என்று அவனுக்கு விளக்க வேண்டியிருந்திருக்கும். எனக்கே அது சரியாகப் பிடிபடாத நேரம்.

ஓய்வு பெற்ற வங்கிக்காரன் நான். 33 வருஷத்தில் பாதிக்கு மேல் விவசாயக் கடன் மேசை. ஓய்வுக்குப் பிறகு வீட்டு ஃபிரிட்ஜைச் சுத்தம் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அழுகிய கீரை, நூல் விட்ட சாம்பார், பூசணம் பூத்த எலுமிச்சை. ஒரு மாதம் எல்லாவற்றையும் தராசில் போட்டு எழுதி வைத்தேன். பழக்க தோஷம். இரண்டு பேர் இருக்கிற வீட்டில் ஏழு கிலோ. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் அமைப்பின் 2024 அறிக்கையை எடுத்துப் பார்த்தால், உலகில் ஆளுக்கு ஆண்டுக்கு 79 கிலோ உணவு வீட்டிலேயே வீணாகிறதாம். எங்கள் வீட்டுக் கணக்கு ஆளுக்கு 42. உலகத்தை விடத் தேவலை என்று மனைவியிடம் சொன்னேன். அவள் பார்த்த பார்வையில் வேறு ஏதாவது உருப்படியாகச் செய்யலாம் என்று தோன்றி, கிளம்பிவிட்டேன்.

அதே அறிக்கை 2022-ல் மட்டும் 105 கோடி டன் உணவு கடையிலும் ஓட்டலிலும் வீட்டிலும் வீணானதாகச் சொல்கிறது. கடைக்கு வருமுன் வயலிலும் வண்டியிலும் கிடங்கிலும் போவது இதில் சேராது. அதற்குத் தனிக் கணக்கு. என் கண்ணுக்கு அந்தத் தனிக் கணக்குதான் பெரிதாகத் தெரிந்தது. அதைப் பார்க்கத்தான் ஐந்து நாள். ஐந்தாம் நாள் போகும் இடம் ஒன்று உண்டு. அதை அப்போது சொல்கிறேன்.

இறங்கியதும் பெரிய கோவிலுக்குப் போகாமல் நிர்மலா நகருக்குப் போனவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அங்கே இந்திய உணவுக் கழகத்தின் உணவு அருங்காட்சியகம் இருக்கிறது. 2021 நவம்பரில் திறந்தது, நாட்டிலேயே முதல் உணவு அருங்காட்சியகம் என்கிறார்கள். தஞ்சாவூரில் ஏன் என்றால், உணவுக் கழகத்தின் முதல் மாவட்ட அலுவலகம் இங்கேதான் 1965 ஜனவரி 14 அன்று திறக்கப்பட்டது. பொங்கலன்று. நாள் பார்த்தவர் ரசனையான ஆள்.

உள்ளே, வேட்டையாடிய காலத்திலிருந்து ரேஷன் கடை வரை பொம்மைகளும் மாதிரிகளும். பெங்களூரு விசுவேசுவரய்யா அருங்காட்சியகத்தார் சேர்ந்து செய்தது. பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்தார்கள். ஒரு பெண் பிள்ளை பழைய தானியச் சேமிப்பு மாதிரியைக் காட்டி, "இதுக்குள்ள எலி எப்படி சார் போகும்?" என்று ஆசிரியரைக் கேட்டது. போகாது, அதற்குத்தான் அப்படிக் கட்டினார்கள் என்றார் அவர். எங்கள் தாத்தா வீட்டுப் பத்தாயத்தில் நான் ஒளிந்து விளையாடியிருக்கிறேன். எலியும் விளையாடியிருக்கிறது. சொல்லவில்லை.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அக்கா மகன் போன் செய்தான். "மாமா, நாளைக்கு வர்றப்ப படுதா கடையில ஒரு பெரிய படுதா வாங்கிட்டு வாங்க. இங்க தீர்ந்து போச்சு."

இரண்டாம் நாள்: அம்மாபேட்டைப் பக்கம்

படுதாவைத் தோளில் போட்டுக்கொண்டு பேருந்தில் ஏறினால் நடத்துநர் அதற்கும் டிக்கெட் கேட்டார். கொடுத்தேன். வெயில் வருகிற நாளில் இதே பேருந்து நெல் மேல் ஏறித்தான் போகும். சாலையின் ஒரு பாதி நெற்களம். இன்று வெயிலும் இல்லை, சாலையில் நெல்லும் இல்லை. எல்லாம் குவியலாக, படுதாவுக்குள்.

நேரடி நெல் கொள்முதல் நிலையம் என்று பெயர். தகரக் கொட்டகை, ஒரு எடை மேடை, தூற்றும் இயந்திரம், ஒரு பட்டியல் எழுத்தர், லோடுமேன்கள். வெளியே வரிசையாகக் குவியல்கள். அக்கா மகனுடையது பதினொன்றாவது. ஈரப்பதமானியில் கைப்பிடி நெல்லைப் போட்டுக் காட்டினான்.

"பத்தொம்பதரை மாமா. நேத்து மத்தியானம் பதினெட்டு இருந்துச்சு. ராத்திரி தூத்தல் போட்டுச்சு, ஏறிடுச்சு."

மத்திய அரசின் விதி 17 சதவீத ஈரம் வரை. 2022-ல் இப்படித்தான் மழை பெய்தபோது 19 வரை அனுமதித்தார்கள். இந்த வருஷம், 2025-ல், 22 வரை கேட்டு மாநில அரசு எழுதியிருந்தது. டெல்லியிலிருந்து ஆட்கள் வந்து மாதிரி எடுத்துப் போவார்கள், பார்ப்பார்கள், சொல்வார்கள். அதற்குள் நெல் தானே ஒரு முடிவுக்கு வந்துவிடும். ஒரு குவியலின் அடியில் கையை விட்டேன். சுட்டது. வெளியே எடுத்தால் விரலிடுக்கில் வெள்ளை முளை.

எழுத்தருக்குக் கோபம் வராமலில்லை. 21-ஐ 17 என்று எழுதி வாங்கினால் கிடங்கில் எடை குறையும்போது அவர் பதில் சொல்ல வேண்டும். நான் தாளில் போட்டுப் பார்த்தேன். 40 கிலோ சிப்பம் ஒன்று 21 சதவீத ஈரத்திலிருந்து 17-க்கு வந்தால் ஏறக்குறைய இரண்டு கிலோ தண்ணீராகப் போய்விடும். 2025 விலையில் சன்ன ரக நெல் குவிண்டால் 2,545 ரூபாய். சிப்பத்துக்கு ஐம்பது ரூபாய் போல ஆகிறது. ஏற்றிக்கொள்வது விவசாயியா, எழுத்தரா, அரசா என்பதுதான் வழக்கு. இதில் யாரையும் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மழை பெய்யும் மாதத்தில் அறுக்கிறோம். வழக்கின் வேர் அங்கே.

அந்த வேருக்கு ஒரு கதை உண்டு. 1960-ல் அமெரிக்க ஃபோர்டு அறக்கட்டளையின் பணத்தோடு, விளைச்சலைப் பெருக்கும் பேக்கேஜ் திட்டத்துக்கு நாட்டில் முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. விதை, உரம், கடன், ஆலோசனை எல்லாம் ஒரே பொட்டலமாக. அறுபதுகளின் நடுவில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வந்தது. ஜப்பானின் நோரின் 10-ஐயும் நம்ம ஊர் ஜி.இ.பி. 24-ஐயும் கலந்த குறுகிய காலப் பயிர். குறுவை கொழித்தது. அறுவடை நேராக ஐப்பசி அடைமழையில் போய் விழுந்தது. விளைவிக்கப் பணம் கொடுத்தவர்கள் காயவைக்கக் கொடுக்கவில்லை என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான். ஆனால் முற்றிலும் பொய்யும் இல்லை.

1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் ஒரு சின்ன ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். ஈர நெல்லை என்ன செய்வது என்று கண்டுபிடிப்பதே அதன் முதல் வேலை. நெல் பதனிடும் ஆராய்ச்சி மையம் என்று பின்னால் பெயர் வந்தது. அது தஞ்சாவூருக்கு வந்து, வளர்ந்து, ஒன்றிரண்டு முறை பெயர் மாறி, 2021-ல் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக, நிஃப்டெம் தஞ்சாவூர் ஆகியிருக்கிறது. திரும்பும் வழியில் புதுக்கோட்டை சாலையில் அதன் வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன். இன்றைக்கு அங்கே உணவை முப்பரிமாணத்தில் அச்சடிக்கிறார்கள், வயலுக்கே போய்த் தக்காளியைக் கூழாக்கும் வண்டி செய்திருக்கிறார்கள். எல்லாம் நல்ல வேலை. ஐப்பசி மட்டும் ஐம்பத்தெட்டு வருஷமாக அப்படியே வந்துகொண்டிருக்கிறது.

"மெஷின்ல காயவைக்கலாம்ல?" என்று அக்கா மகனைக் கேட்டேன்.

"காயவைக்கலாம் மாமா. டீசல் காசு நான் குடுக்கணும், எடை குறையிறதும் எனக்குத்தான். ஈரத்தோட எடுத்துக்குவாங்கன்னு ஒரு பேச்சு இருக்கறப்ப எவன் காயவைப்பான்?"

படுதாவை விரித்தோம். என் பக்கத்தில் அரை முழம் குறைந்தது. வாங்கும்போது அளந்திருக்கலாம்.

மூன்றாம் நாள்: செட்டிகுளம்

நேற்றைய பதிவைப் படித்துவிட்டு ஒரு பழைய சகா செய்தி அனுப்பியிருந்தார்: "இந்தியாவில் பழம் காய்கறி 40 சதவீதம் வீணாகிறதே, அதை எழுதவில்லையே." அந்த 40-ஐ நானும் கருத்தரங்க மேடைகளில் சொல்லியிருக்கிறேன். எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. லூதியானாவிலுள்ள அறுவடைக்குப் பிந்தைய பொறியியல் நிறுவனம் நாடு முழுக்க அளந்து 2015-ல் வெளியிட்ட கணக்கில் தக்காளி 12.44 சதவீதம், மா 9.16, வெங்காயம் 8.20, நெல் 5.53. மிக அதிகம் கொய்யா, 15.88. பணமாக ஆண்டுக்கு 92,651 கோடி ரூபாய். சதவீதம் சின்னதாகத் தெரிந்தால் இந்தத் தொகையை ஒரு தடவை வாய்விட்டுப் படியுங்கள். 40 என்றால் கைதட்டல் கிடைக்கும், 12.44 என்றால் கிடைக்காது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பாடாலூரில் இறங்கி ஷேர் ஆட்டோ. செட்டிகுளத்து மலை மேல் தண்டாயுதபாணி கையில் கரும்போடு நிற்கிறார். சுற்றிலும் சின்ன வெங்காயக் காடு. பெரம்பலூர் மாவட்டத்துக்கு இதுதான் சோறு. விதைப்பு நேரம், விதை வெங்காயத்துக்காகப் பட்டறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

பட்டறையைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் என் மனசுக்குப் பிடித்த பொருள் இதுதான். காட்டு ஓரத்தில் மேடான இடமாகப் பார்த்து, தரையிலிருந்து ஒரு முழம் உயர்த்திக் கல் அடுக்கி, மேலே மூங்கிலோ கட்டையோ பரப்புகிறார்கள். அதன் மேல் தாளோடு சேர்ந்த வெங்காயத்தை நீளவாக்கில் அடுக்குகிறார்கள். இரண்டு பக்கமும் தட்டி, மேலே தென்னங்கீற்று. அகலம் மட்டும் மூன்று, நாலு அடிக்கு மேல் போகாது. நீளம் உங்கள் விளைச்சலைப் பொறுத்தது. ரயில் பெட்டி மாதிரி நீண்டு கிடக்கும்.

அகலம் ஏன் அவ்வளவுதான் என்று அங்கிருந்த அம்மாவைக் கேட்டேன். எழுபது வயது இருக்கும். வெங்காயத்தைக் கையால் தேய்த்துத் தாளை உதிர்த்துக்கொண்டே, "காத்து இந்தாண்ட பூந்து அந்தாண்ட போவணும்ல? அகலமாப் போட்டா நடுவுல இருக்கறது புழுங்கிப்புடும் தம்பி" என்றார். என்னைத் தம்பி என்றதில் எனக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

கீழே அடுக்கு, ஈரம் ஏறாமல். பக்கவாட்டில் காற்று. மேலே மழை மறைப்பு. இதை அறிவியல்காரர்கள் காற்றோட்டச் சேமிப்பு அமைப்பு என்கிறார்கள். தகரக் கூரை போட்டு, கம்பி வலை வைத்து மேம்படுத்திய வடிவங்களும் இருக்கின்றன. அழுகல் குறைகிறது என்பதும் உண்மை. ஆனால் பட்டறைக்கு ஒரு வசதி உண்டு. வெங்காயம் விற்றதும் பிரித்துப் போட்டுவிடலாம். கல்லும் மூங்கிலும் அடுத்த வருஷத்துக்கு. பராமரிப்புச் செலவு இல்லை, மின்கட்டணம் இல்லை, திறப்பு விழாக் கல்வெட்டும் இல்லை.

2020-ல் மத்திய அரசு ஒரு லட்சம் கோடி ரூபாயில் வேளாண் உள்கட்டமைப்பு நிதி என்று ஒன்றை அறிவித்தது. இரண்டு கோடி வரையிலான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. கிடங்கு கட்டலாம், குளிரறை கட்டலாம், தரம்பிரிக்கும் கூடம் கட்டலாம். நல்ல திட்டம். நானே என் கடைசி வருஷங்களில் அதில் கடன் கொடுத்திருக்கிறேன். கட்டக்கூடியதற்குக் கொடுத்தேன். திட்ட அறிக்கை இருக்க வேண்டும், வரைபடம் இருக்க வேண்டும், அடமானம் வைக்க ஒரு கட்டிடம் இருக்க வேண்டும். பட்டறை போட என்று ஒரு விண்ணப்பமும் என் மேசைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் எந்தப் படிவத்தில் எழுதியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

அந்த அம்மா ஒரு கை வெங்காயம் அள்ளிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. பையில் போட்டேன். இன்னும் மூன்று நாளைக்கு என் துணிகள் எல்லாம் சாம்பார் வாசம் அடிக்கப் போகின்றன.

நான்காம் நாள்: கோவை

திருச்சி வந்து, கரூர் வழியாகக் கோவை. பேருந்து நெடுகத் தூங்கினேன். எழுத ஒன்றும் இல்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக வளாகத்துக்குள் காலையில் நடப்பது ஒரு சுகம். 1906-லிருந்து இங்கே விவசாயம் படிப்பு. 1971-ல் பல்கலைக்கழகம் ஆனது. ஓய்வு பெற்ற விஞ்ஞானி நண்பர் ஒருவரோடு நடந்தேன். வெளியே நின்று பேசியதை மட்டும் எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றார்.

அவரிடம் ஹெக்சனால் பற்றிக் கேட்டேன். புல் வெட்டியதும் ஒரு பச்சை வாசம் வருமே, அதில் இருக்கிற பொருள்களில் ஒன்று. செடிகளே உண்டாக்குவது. பழம் பழுத்து முதிரும்போது பாஸ்போலிப்பேஸ்-டி என்ற நொதி செல்லின் சவ்வைக் கரைக்கிறது, பழம் தளர்ந்து போகிறது. ஹெக்சனால் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகிறது. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் கோபிநாதன் பாலியத், ஜெயசங்கர் சுப்ரமணியன் ஆகியோர் இதில் வேலை செய்தார்கள். கோவையில் நானோ தொழில்நுட்பத் துறையின் கே.எஸ். சுப்ரமணியன். கொழும்புத் தொழில்நுட்ப நிறுவனமும் கூட்டாளி. பணம் கனடாவின் பன்னாட்டு உணவுப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிதியிலிருந்து. அந்த நிதி முழுதும் சேர்ந்து சுமார் 12.4 கோடி கனடிய டாலர். 2009-ல் தொடங்கி, பல நாடுகளில் பல வேலைகளுக்குப் பிரிந்து, 2018-ல் முடிந்தது. இந்தப் பழ ஆராய்ச்சி முதல் கட்டத்தில் இந்தியாவும் இலங்கையும், இரண்டாம் கட்டத்தில் கென்யா, தான்சானியா, டிரினிடாட் வரை போனது.

அறுவடைக்கு முன் மாமரத்தில் தெளித்தால் காய் இரண்டு, மூன்று வாரம் கூடுதலாக மரத்திலேயே நிற்கிறது. பறித்த பின் கரைசலில் முக்கினாலோ, ஹெக்சனால் ஏற்றிய வாழைநார்ப் பெட்டியில் அடைத்தாலோ பழம் தள்ளிப் பழுக்கிறது. ஒரே வாரத்தில் ஊரே மாம்பழம் கொண்டுவந்து கொட்டும் நேரத்தில், "நான் பதினைந்து நாள் கழித்து வருகிறேன்" என்று சொல்ல முடிகிற ஒரே ஆள் இந்த மருந்து தெளித்தவர்தான். வங்கிக்காரனாகச் சொன்னால், மரத்தையே ஃபிக்ஸட் டெபாசிட் ஆக்கிய வேலை. கட்டிடமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். கேட்டபோது எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது. ஏன் என்று நாளைக்கு.

"அப்புறம் ஏன் ஒவ்வொரு தோப்பிலும் இது இல்லை?" என்றேன்.

நண்பர் கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார். "ஆராய்ச்சிக்குக் காசு மூணு வருஷம், நாலு வருஷம்னு வரும். கட்டுரை வரும், காப்புரிமை வரும், பசங்க பி.எச்டி. வாங்குவாங்க. அதுக்கப்புறம் ஒரு கம்பெனி அதை பாட்டில்ல அடைச்சு, பதிவு வாங்கி, உரக்கடை வரைக்கும் கொண்டு போகணும். அந்த நடுவாந்திரத்துக்குக் காசு குடுக்கிற ஆளு உலகத்துல கொஞ்சம்." எந்த நாட்டு நிதியானாலும் இதுதான் கதை என்றார். இந்த ஊர், அந்த ஊர் என்று இல்லை.

விவசாய ஆராய்ச்சிக்கு உலகம் செலவிடும் பணத்தில் 5 சதவீதத்துக்கும் குறைவுதான் அறுவடைக்குப் பிந்தைய வேலைக்குப் போகிறது என்று இந்தத் துறைக்காரர்கள் நெடுங்காலமாகப் புலம்பி வருகிறார்கள். மீதி எல்லாம் இன்னும் ஒரு மூட்டை கூடுதலாக விளைவிக்க. விளைந்த மூட்டையை வைத்துக்கொள்வது எப்படி என்பது கடைசி அத்தியாயம். கடைசி அத்தியாயத்துக்கு எப்போதும் நேரம் போதாது. எங்கள் பள்ளிக்கூடத்தில் வரலாறு சுதந்திரத்தோடு நின்றுவிடும், அது மாதிரி.

ராத்திரி தங்கும் விடுதிக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் வரவேற்பு. பத்தரை மணிக்கு ஒரு வேன் வந்து நின்றது. நோ ஃபுட் வேஸ்ட் என்ற அமைப்பு 2014-ல் இந்தக் கோவையில்தான் தொடங்கியது. விசேஷங்களில் மிஞ்சுவதை வாங்கிப் பசித்தவர்களிடம் சேர்க்கிறார்கள். வந்தது அவர்கள்தானா என்று தெரியாது, இப்போது இப்படிப் பல குழுக்கள் உண்டு. சமையல்காரர் பாத்திரத்தை மூடிக்கொண்டே, "ஏனுங்க, பிரிஞ்சியும் கேசரியும் எடுத்துக்கங்க. தயிர் சாதம் வேண்டாங்க, விடியறதுக்குள்ள புளிச்சுப் போயிருமுங்க" என்றார். எதைக் கொடுக்கக் கூடாது என்று தெரிந்தவர் கொடுப்பதைத்தான் நம்பிச் சாப்பிடலாம்.

ஐந்தாம் நாள்: பாலக்கோடு, ராயக்கோட்டை, பிறகு ஒரு கிடங்கு

விடிகாலை தர்மபுரி. அங்கிருந்து பாலக்கோடு. தக்காளி மண்டியில் ஏலம் ஏறக்குறைய முடிந்திருந்தது. விலை படுமோசம் இல்லை, ஆனால் யாரும் சிரிக்கவில்லை. தரையெல்லாம் நசுங்கிய தக்காளி. செருப்பு ஒட்டி ஒட்டி வந்தது.

ராயக்கோட்டைச் சாலையில் ஒரு டீக்கடை. பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு இரண்டு ஏக்கர் தக்காளி, மூன்று ஏக்கர் மாந்தோப்பு. பெங்களூரா மரங்கள், கூழ் ஆலைக்குப் போகிற கிளிமூக்கு மாங்காய். பேச்சு மாங்காயில் ஆரம்பித்தது.

"இந்த சீசன்ல கிலோ நாலு, அஞ்சுக்குக் கேட்டாங்கண்ணா. பறிகூலி குடுத்தா மிச்சம் என்ன? சித்தூர் பக்கம் கொண்டு போலாம்னா அங்க வெளிமாநில மாங்காயே வேணாம்னுட்டாங்க."

அது நடந்தது. 2025 ஜூனில் சித்தூர் மாவட்ட நிர்வாகம் வெளிமாநிலப் பெங்களூரா மாங்காய் உள்ளே வரத் தடை போட்டது. அவர்கள் விவசாயிக்கே விலை இல்லை. ஆலைகள் எட்டு ரூபாய் கொடுக்க, ஆந்திர அரசு மேலே நாலு ரூபாய் போட்டுப் பன்னிரண்டாக்கியது. தடையை நீக்கச் சொல்லிக் கர்நாடக முதல்வர் கடிதம் எழுதினார்.

நான் ஹெக்சனால் பற்றிச் சொன்னேன். மூன்று வாரம் மரத்திலேயே நிறுத்தலாம் என்றேன். மரியாதையாகக் கேட்டார். "மூணு வாரம் கழிச்சு அஞ்சு ரூபா ஏழு ஆகும்னா தெளிக்கலாம். மூணாவும் ஆகலாமில்லைங்களா?"

பதில் இல்லை. டீயைக் குடித்தேன்.

தக்காளிக்கு வந்தார். விலை இறங்கும் நாளில் 25 கிலோ பெட்டி 100 ரூபாய்க்குப் போகும். பறிக்க 30, வண்டிக்கு 25, மண்டிக் கமிஷன் 10. மீதியில் மருந்துக் கடைக்காரனுக்கும் வட்டிக்கும் என்ன போகும்? இன்னும் இறங்கினால் பறிப்பதையே விட்டுவிடுவார். மாடு மேயும், பிறகு டிராக்டர் ஓட்டிவிடுவார். பழுத்த தக்காளியின் மேல் ஏர் ஓடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? நான் இந்தப் பக்கம் வேலை பார்த்தபோது பார்த்திருக்கிறேன். மண் ரத்தக்கறை மாதிரி இருக்கும்.

இந்தத் தக்காளி எந்தக் கணக்கில் வரும் என்று பேருந்தில் யோசித்துக்கொண்டே வந்தேன். உணவு வேளாண்மை அமைப்பின் இழப்புக் கணக்கு அறுவடைக்குப் பின் தொடங்கிக் கடை வாசலில் முடிகிறது. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்கு கடை வாசலில் தொடங்குகிறது. பறிக்கவே இல்லை என்றால் இரண்டிலும் இல்லை. 2030-க்குள் உணவு வீணாவதைப் பாதியாக்குவோம் என்று உலகம் எழுதி வைத்த இலக்கு நிறைவேறினாலும், ராயக்கோட்டையில் உழுது மூடிய தக்காளி அதில் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது.

விலை சரியும்போது தாங்கிப் பிடிக்க 2018-ல் ஆபரேஷன் கிரீன்ஸ் என்று தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்குக்கு 500 கோடி ஒதுக்கினார்கள். வண்டி வாடகையிலும் கிடங்கு வாடகையிலும் பாதி மானியம். பிறகு பட்டியல் மற்ற பழம் காய்கறிகளுக்கும் நீண்டது. டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்த அந்த விவசாயியைக் கேட்டிருந்தேன். பெயர் கேள்விப்பட்டதில்லை என்றார். அவர் ஒருவரை வைத்து ஒரு திட்டத்தை எடைபோட மாட்டேன், அவ்வளவு காலம் கோப்பு பார்த்திருக்கிறேன்.

இனி, சொல்லாமல் வைத்திருந்த இடம்.

2009-ல் நான் இந்தப் பக்கம் ஒரு கிளைக்கு மேலாளர். அப்போது ஒருவருக்குத் தக்காளிக் குளிர்பதனக் கிடங்கு கட்டக் கடன் கொடுத்தேன். மானியமும் சேர்ந்தது. ஊரே தக்காளியைச் சாலையில் கொட்டிய வருஷம் அது. திட்ட அறிக்கையின் முதல் பக்கத்தில் அந்தப் புகைப்படத்தை ஒட்டியிருந்தார்கள். புகைப்படத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று இப்போது சொல்லலாம். மாற்றலாகிப் போனவன் திரும்பி வந்து பார்க்கவே இல்லை. மூடிக் கிடக்கும், புல் முளைத்திருக்கும், என்னைத் திட்டுவார்கள் என்று நினைத்துத்தான் பதினாறு வருஷம் தள்ளிப்போட்டேன்.

வாசலில் மூன்று லாரி நின்றது. பலகையில் வரைந்த தக்காளி வெயிலில் வெளுத்து எலுமிச்சை நிறத்தில் இருந்தது. அப்பா காலமாகிவிட்டார், மகன் நடத்துகிறார். என்னை அடையாளம் தெரியவில்லை. சொன்னதும் எழுந்து நின்றார்.

"லோனெல்லாம் அப்பாவே கட்டி முடிச்சுட்டாருங்க சார். ஒரு தவணை தவறல."

"தக்காளி?"

"மொத வருஷம் ரெண்டு லோடு வெச்சோம். அழிவு விலை ரெண்டு மாசம் நீடிச்சுது. தக்காளி மூணு வாரந்தான் தாங்குச்சு. விலை ஏறல, எடுக்க ஆளும் வரல. அள்ளிக் கொட்டுன கூலியும் நம்ம தலையிலதான்."

என் திட்ட அறிக்கையில் இந்த ஒரு வரி இல்லை. தக்காளி தாங்கும் நாளை விட விலை வீழ்ந்து கிடக்கும் நாள் அதிகம் என்ற வரி. மின்கட்டணம் இருந்தது, கம்ப்ரசரின் குதிரைத்திறன் இருந்தது, பத்து வருஷ லாபக் கணக்கு இரண்டு தசமத் திருத்தத்தோடு இருந்தது.

உள்ளே அழைத்துப் போனார். கதவைத் திறந்ததும் குளிரோடு புளிப்பு வாசம் முகத்தில் அடித்தது. தரையிலிருந்து கூரை வரை புளி. கொட்டை எடுத்த புளி, மூட்டை மூட்டையாக. மாசி, பங்குனியில் வாங்கி இங்கே அடைக்கிறார்கள். குளிரில் இருந்தால் கறுக்காது, நிறம் நிற்கும். விலை ஏறும்போது எடுக்கிறார்கள். ஓர் அறையில் மிளகாய் வற்றல். ஒரு அங்குலம் இடம் காலி இல்லை. வருஷம் முழுக்க முன்பதிவு.

"யாருடையது எல்லாம்?"

"வியாபாரிங்களோடதுதான் சார். வெவசாயி புளிய வெச்சுட்டு எட்டு மாசம் காசுக்குக் காத்திருப்பானா?"

வங்கிக் கோப்பில் இது முழுத் தேறிய கடன். கிடங்கு ஓடுகிறது, எட்டுப் பேருக்கு வேலை, மானியம் சரியாகப் பயன்பட்டது என்று மாற்றலாகும் முன் நான்தான் ஒரு சான்றிதழும் அனுப்பியிருந்தேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. புளியும் உணவுதானே.

அரை மணி நேரம் உள்ளே நின்றிருப்பேன். வெளியே வந்ததும் மூக்குக்கண்ணாடியில் பனி படிந்து ஒன்றும் தெரியவில்லை. வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பையன் இரண்டு கிலோ புளியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வந்தார். காசு வேண்டாம் என்றார். நான் விடவில்லை. வற்புறுத்திக் கொடுத்தேன். ரசீதும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ராத்திரி பதினொன்றரைக்குச் சென்னை வண்டி. ஒரு பையில் செட்டிகுளத்து வெங்காயம், இன்னொரு பையில் புளி. தக்காளி வாங்க மறந்துவிட்டேன் என்று கிருஷ்ணகிரி தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.